கூடைப்பந்து ஆடியவர் வலைப்பந்தை எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது?

புதுப் பயிற்சியாளர்:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி நாள்களில் கூடைப்பந்து ஆடியவன் என்ற ஒரே தகுதியை வைத்து, எங்கள் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு வலைப்பந்து (நெட்பால்) கற்பிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் அக்கா தங்கை விளையாட்டுகள்தானே என்று நானும் ஏற்றுக்கொண்டேன். சென்ற வாரம் நடந்த நட்புப் போட்டியில்தான் என் அறியாமை வெளிப்பட்டது. முதல் கால்பகுதியில் எங்கள் அணி பந்தைக் கையில் வைத்திருந்த நேரத்தைவிட நடுவரின் விசிலைக் கேட்டுக்கொண்டிருந்த நேரமே அதிகம்.

மூன்று இடங்களில் எனக்குத் தெளிவில்லை. எங்கள் கோல் அட்டாக் ஆட்டக்காரர் ஓடிவந்து பந்தைப் பிடித்து, சற்று நிதானித்து எறிந்ததற்குக் கால் தவறு என்றார்கள். எத்தனை அடி வைக்கலாம் என்பதே எனக்குப் புரியவில்லை. பந்து வைத்திருப்பவரைத் தடுக்க முன்னால் போய் நின்றவருக்கும் விசில் அடித்தார்கள், அவர் யாரையும் தொடவேயில்லை. ஏழு நிலைகளில் யார் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்ற அட்டவணையை மாணவிகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், களத்தில் இறங்கியதும் மறந்துவிடுகிறார்கள். விதிப் புத்தகத்தைப் படித்தேன். ஆனால் எதை முதலில் கற்பிப்பது, எதைப் பிறகு கற்பிப்பது என்பதைப் புத்தகம் சொல்லவில்லை.

விசில்:

நான் பல ஆண்டுகளாகப் பள்ளிப் போட்டிகளுக்கு நடுவராக இருப்பவன். நீங்கள் கேட்ட முதல் இரண்டு கேள்விகளும் என் பக்கம் வருபவை என்பதால் அவற்றுக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடலாம். வலைப்பந்தில் பந்து கைக்கு வந்த நொடியில் அந்த ஆட்டக்காரரின் ஓட்டம் முடிந்துவிடுகிறது. மற்ற விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறந்தவை என்று மாணவிகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். கால் விதி எத்தனை அடி என்ற கணக்கைப் பற்றியதன்று, எந்தக் கால் முதலில் தரையைத் தொட்டது என்பதைப் பற்றியது. உங்கள் ஆட்டக்காரர் காற்றில் பந்தைப் பிடித்து வலது காலில் இறங்கினார் என்று வையுங்கள். இப்போது வலது கால்தான் இறங்கிய கால். இடது காலை அவர் முன்னே வைக்கலாம். வலது காலை ஊன்றிச் சுழன்றபடி இடது காலை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். வலது காலைத் தரையிலிருந்து தூக்கவும் செய்யலாம், ஆனால் அந்தக் கால் மீண்டும் தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் இறங்கினால் எந்தக் காலை எடுப்பது என்பது அவர் விருப்பம். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது இறங்கிய காலாகிவிடும். இறங்கிய காலை இழுப்பதும், அந்தக் காலிலேயே நொண்டியடிப்பதும் தவறு. உங்கள் கோல் அட்டாக் ‘சற்று நிதானித்து’ எறிந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிதானத்தில்தான் வலது கால் மறுபடி தரையில் பட்டிருக்கும். ஓடிவந்த வேகம் உடலை முன்னே தள்ளும்போது பத்தில் எட்டுப் பேர் இந்த இடத்தில்தான் பிடிபடுகிறார்கள்.

கைக்கு வந்த பந்தை மூன்று நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். பிடிக்கும் முயற்சியில் பந்தை ஒரு முறை தட்டியோ தரையில் ஒரு முறை குதிக்கவிட்டோ கைப்பற்றலாம். கைக்குள் வந்த பந்தை நழுவவிட்டுத் தானே எடுப்பதும், மேலே போட்டுத் தானே பிடிப்பதும் கூடாது.

அடுத்தது தடுப்பு. தொடுவது ஒரு தவறு, நெருங்கி மறிப்பது வேறொரு தவறு. பந்து வைத்திருப்பவரின் இறங்கிய காலுக்கும் தடுப்பவரின் அருகிலுள்ள காலுக்கும் இடையே தரையில் 0.9 மீட்டர், பழைய கணக்கில் மூன்று அடி, இருக்க வேண்டும். அந்த இடைவெளி இருந்தால் கைகளை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம், நீட்டலாம். அது இல்லாதபோது கைகளை உயர்த்தி மறித்தால் விசில் வரும். இறங்கிய கால் தூக்கப்பட்டுவிட்டால் அது முன்பு இருந்த இடத்திலிருந்து அளப்போம். பந்து வைத்திருப்பவரே முன்னால் ஒரு காலை எடுத்துவைத்து இடைவெளியைக் குறைத்தால் தடுப்பவர் மேல் குற்றமில்லை. இதைச் சொல்லிக்கொடுக்காததால் தேவையே இல்லாமல் பின்வாங்கும் மாணவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பந்து இல்லாத ஒருவரையும் 0.9 மீட்டருக்குள் கைகளை விரித்துக்கொண்டு மறிக்கக் கூடாது. கைகளை உடலோடு வைத்து நிழல் போலக் கூடவே ஓடலாம், தொடாத வரையில்.

பழைய ஜி.டி.:

பள்ளியில் ஆறு ஆண்டுகள் கோல் டிஃபென்ஸ் ஆடியவள் என்ற முறையில் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அட்டவணையாகக் கற்பிப்பதை நிறுத்துங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

மாணவிகளைக் களத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம் கொண்ட அந்தச் செவ்வகத்தைக் குறுக்கே இரண்டு கோடுகள் மூன்று சம பகுதிகளாகப் பிரிக்கின்றன. இரு முனைகளிலும் 4.9 மீட்டர் ஆரத்தில் கோல் வட்டம் இருக்கிறது. பெயர்தான் வட்டம், உண்மையில் அது அரைவட்டம். பிறகு ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும் இணைகளாக நிறுத்துங்கள். எதிரணியின் கோல் ஷூட்டரைக் கோல் கீப்பர் காக்கிறார், கோல் அட்டாக்கைக் கோல் டிஃபென்ஸ், விங் அட்டாக்கை விங் டிஃபென்ஸ், சென்டரைச் சென்டர். இணையாக இருக்கும் இருவருக்கும் ஆடும் பகுதி ஒன்றேதான் என்பது புரிந்துவிட்டால் ஏழு நிலைகளின் கணக்கு நான்காகச் சுருங்கிவிடும்.

கோல் ஷூட்டரும் அவரைக் காக்கும் கோல் கீப்பரும் ஒரு முனைப் பகுதியையும் அதிலுள்ள வட்டத்தையும் விட்டு வெளியே வருவதில்லை. கோல் அட்டாக்குக்கும் கோல் டிஃபென்ஸுக்கும் அதே இடத்தோடு நடுப்பகுதியும் உண்டு. விங் இருவருக்கும் முனைப்பகுதியும் நடுப்பகுதியும் உண்டு, வட்டம் மட்டும் இல்லை. சென்டர் களம் முழுவதும் ஓடலாம், இரண்டு வட்டங்களைத் தவிர. கோல் போடும் உரிமை கோல் ஷூட்டர், கோல் அட்டாக் ஆகிய இருவருக்கு மட்டுமே, அதுவும் வட்டத்துக்குள் நின்றால்தான். எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் ஒரு கோல் ஒரு கோல்தான். கூடைப்பந்தின் மூன்று புள்ளிக் கணக்கு இங்கே கிடையாது.

மார்பிலும் முதுகிலும் அணியும், ஆடும் நிலையைக் குறிக்கும் எழுத்துப் பட்டையை வாரம் ஒரு முறை மாற்றிப் போடச் சொல்லுங்கள். உயரமானவள் கோல் கீப்பர், வேகமானவள் சென்டர் என்று முதல் நாளே முத்திரை குத்திவிடுவது பள்ளிகளில் நடக்கும் பெரிய தவறு. நானே மூன்றாம் ஆண்டில் ஒரு முறை கோல் அட்டாக்காக நின்ற பிறகுதான், தடுப்பவரின் எந்த அசைவு தாக்குபவருக்கு எரிச்சலூட்டுகிறது என்பதை அறிந்துகொண்டேன்.

கோட்டோரம்:

மேலே சொன்ன இணைக் கணக்கு நன்று. ஆனால் எங்கள் விங் டிஃபென்ஸ் வட்டக் கோட்டின் விளிம்பில் நின்று வட்டத்துக்குள் கையை நீட்டிப் பந்தைப் பிடித்தார். அது ஆஃப்சைடா (தனக்கு உரிமையில்லாத பகுதிக்குள் போன தவறா), இல்லையா?

விசில்:

இல்லை. தனக்கு உரிமையில்லாத பகுதியின் தரையை உடலின் எந்தப் பாகமாவது தொட்டால்தான் ஆஃப்சைடு. காற்றில் சாய்ந்து பிடிக்கலாம், பிடித்த பிறகு நிலை தடுமாறிக் கை ஊன்றிவிடக் கூடாது. இந்த ஒரு திறமைக்காகவே கோட்டின் மேல் சாய்ந்து, விழாமல் நிற்கும் பயிற்சியைச் சில பயிற்சியாளர்கள் தனியாகக் கொடுக்கிறார்கள். மறந்துவிடாமல் இன்னொன்றையும் சொல்கிறேன்: பந்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஃப்சைடு ஆஃப்சைடுதான். ‘நான் பந்தைத் தொடவில்லையே’ என்ற வாதத்தை நாங்கள் அன்றாடம் கேட்கிறோம்.

புதுப் பயிற்சியாளர்:

மிக்க நன்றி. இறங்கிய காலைப் பற்றிய விளக்கத்தைப் படித்ததும் நானே எழுந்து நின்று அறைக்குள் செய்து பார்த்தேன். வலது கால் தானாகவே முன்னே வந்து விழுகிறது, கூடைப்பந்துப் பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது போலிருக்கிறது. பயிற்சி வரிசை குறித்தும், கோல் போடுவது குறித்தும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும். ஆட்டத்தைத் தொடங்கும் நடு எறிவான சென்டர் பாஸ் யாருக்குக் கிடைக்கும் என்பதிலும் மாணவிகளுக்குக் குழப்பம் இருக்கிறது.

மாலைப் பயிற்சி:

சென்டர் பாஸை முதலில் முடித்துவிடுகிறேன். கோல் போட்டவர் யாராக இருந்தாலும் இரண்டு அணிகளும் மாறி மாறித்தான் தொடங்க வேண்டும். கோல் வாங்கிய அணிக்கே பந்து என்பது கூடைப்பந்துப் பழக்கம். சென்டர் 0.9 மீட்டர் விட்டமுள்ள நடுவட்டத்தில் நிற்பார். விசில் அடிக்கும் வரை நடுப்பகுதிக்குள் இரண்டு சென்டர்களைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. அந்த எறிவை நடுப்பகுதிக்குள்ளேயே ஒருவர் பிடிக்கவோ தொடவோ வேண்டும். இதையொட்டிய மற்றொரு விதி, களத்தின் ஒரு முழுப் பகுதியை யாரும் தொடாமல் தாண்டும்படி பந்தை எறியக் கூடாது என்பது. ஆகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீண்ட எறிவு எறிந்து ஆட்டத்தை முடித்துவிட முடியாது, நடுவில் இருப்பவர்கள் எல்லோரும் ஆடியே ஆக வேண்டும்.

பயிற்சி வரிசையில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: முதல் இரண்டு வாரம் கோல் வளையத்தைத் தொடவே விடாதீர்கள். குழந்தைகள் முகம் சுளிப்பார்கள், பெற்றோரும் கேட்பார்கள். பரவாயில்லை. ஓடிவந்து பிடித்து இறங்கி நிற்பது முதலில் வர வேண்டும். பந்து இல்லாமலே தொடங்குங்கள். மூன்று அடி ஓடி, குதித்து, ஒரு காலில் இறங்கி, முழங்காலை மடித்து, சிலை போல நிற்கட்டும். இறங்கிய காலின் பெயரை அவர்களே உரக்கச் சொல்ல வேண்டும்: ‘வலது’, ‘இடது’. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் இரண்டே நாளில் கால் தவறுகள் பாதியாகக் குறைவதை எங்கள் அணியில் கண்டேன். முழங்காலை மடிக்காமல் விறைப்பாக இறங்குவது முழங்கால் காயத்துக்கும் வழி என்பதால் இதில் சலுகை காட்ட வேண்டாம்.

அடுத்து எறிதல். அருகில் இருப்பவருக்கு மார்பு எறிவு: இரண்டு கைகளின் விரல்களும் பந்தின் பின்னே விரிந்திருக்க, ஒரு காலை முன்வைத்து நேராகத் தள்ள வேண்டும். தொலைவில் இருப்பவருக்குத் தோள் எறிவு, ஒரு கையால். வட்டத்தின் விளிம்பில் நெருக்கடி மிகும்போது தரையில் ஒரு முறை குதித்துச் செல்லும் எறிவு உதவும், உயரமான கோல் கீப்பரின் கைகளுக்கு அது எட்டாது. எந்த எறிவாக இருந்தாலும் ஆள் நிற்கும் இடத்துக்கு எறியாமல், அவர் ஓடிச்சேரப் போகும் இடத்துக்கு எறியப் பழக்குங்கள்.

பந்து இல்லாதவர்களின் ஓட்டத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் பள்ளி அணிகளின் பெருங்குறை. ஒருவர் கையில் பந்து மூன்று நொடிதான் இருக்கும் என்றால், மற்ற ஆறு பேரும் அந்த மூன்று நொடியில் தங்களை வெளிப்படுத்திக்காட்ட வேண்டும். ஒரு பக்கம் இரண்டு அடி ஏமாற்றாக நகர்ந்து, சட்டென்று மறுபக்கம் முழு வேகத்தில் பாய்வதை இரண்டு இரண்டு பேராக, தடுப்பவரோடு செய்து பழகட்டும். எல்லோரும் பந்தை நோக்கியே ஓடினால் தேனீக் கூட்டம் போல ஓரிடத்தில் மொய்த்துக்கொள்வார்கள்.

கோல் போடுவதில் கூடைப்பந்தாட்டக்காரர் மறக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வளையத்தின் பின்னால் பலகை கிடையாது. 3.05 மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் 380 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையம் மட்டும்தான். பலகையில் மோதவிட்டு உள்ளே தள்ளும் வித்தை பலிக்காது என்பதால் பந்து உயர வளைந்து மேலிருந்து விழ வேண்டும். பந்து எறியும் கையின் விரல்களில், தலைக்கு மேலே இருக்கட்டும். மறு கை பக்கவாட்டில் தாங்கினால் போதும். முழங்கால் மடிந்து நிமிரும் விசையில் பந்து எழும்ப வேண்டும், மணிக்கட்டு கடைசியில் மடிந்து பந்துக்குப் பின்சுழற்சி கொடுக்கும். சிறிய மாணவிகளுக்கு ஐந்தாம் எண் பந்து பெரிதாக இருந்தால் நான்காம் எண் பந்தையும் தாழ்ந்த கம்பத்தையும் பயன்படுத்துங்கள். முழு உயரத்தில் தோளால் தள்ளிப் பழகிய பிழையைப் பின்னால் திருத்துவது மிகக் கடினம்.

பழைய ஜி.டி.:

வளையத்தை இரண்டு வாரம் தொடவிடாமல் இருப்பதை நான் ஏற்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பயிற்சியின் இறுதியிலும் பத்து நிமிடம் கோல் போடக் கொடுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே மற்ற ஐம்பது நிமிடத்தையும் பொறுத்துக்கொள்வார்கள்.

மாலைப் பயிற்சி:

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. பத்து நிமிடம் என்பது பத்து நிமிடத்தோடு நிற்குமானால் எனக்கும் உடன்பாடே.

விசில்:

தண்டனைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் ஒரு சேர்க்கை. கால் தவறு, ஆஃப்சைடு, மூன்று நொடி மீறல் போன்றவற்றுக்கு எதிரணிக்கு ஃப்ரீ பாஸ் கிடைக்கும். அதிலிருந்து நேரடியாகக் கோல் போட முடியாது. தொடுதல், நெருங்கி மறித்தல் ஆகியவற்றுக்குப் பெனால்டி பாஸ். தவறு செய்தவர், எறிபவரின் பக்கத்தில் ஒதுங்கி நின்று, பந்து கையை விட்டுப் போகும் வரை ஆட்டத்தில் பங்கெடுக்காமல் இருக்க வேண்டும். அது வட்டத்துக்குள் நடந்தால் கோல் ஷூட்டரோ கோல் அட்டாக்கோ அங்கிருந்தே கோலுக்கு முயலலாம், ஒதுங்கி நிற்பவர் கையை உயர்த்தவும் முடியாது. உங்கள் தடுப்பாளர்களிடம் 0.9 மீட்டரை எண்ணாகச் சொல்லிப் பயனில்லை. அந்த நீளத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி, கோல் போடுபவரின் காலிலிருந்து தரையில் நீட்டிவைத்து, அதன் முனையில் நின்று கைகளை உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துக் கயிற்றை எடுத்துவிட்டு, அவர்கள் நிற்கும் இடத்தை நீங்களே அளந்து பாருங்கள்.