ஒரே கொடிவழி, இரண்டு வழிபாடு: குடும்பக் கூடுகையில் முன்னோரை எப்படி நினைவுகூர்வது?

தேரிக்காட்டான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் நான்கு கிளைகளும் முதன்முறையாகச் சாத்தான்குளம் பக்கத்திலுள்ள பூர்வீக ஊரில் ஒன்றுகூடுவது என்று முடிவாகியிருக்கிறது. சாப்பாடு, தங்குமிடம், வண்டி ஏற்பாடு எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். கேட்க வந்தது வேறு.

தாது வருடப் பஞ்சத்தையொட்டி, அதாவது 1876–78 காலத்தில், எங்கள் முன்னோரான அண்ணன் தம்பி நால்வரில் மூத்தவரும் கடைசித் தம்பியும் குடும்பத்தோடு வேதத்தில் சேர்ந்தார்கள், அதாவது கிறிஸ்தவர்களானார்கள். நடுவிலுள்ள இருவரும் சாஸ்தாவையும் சுடலைமாடன் பீடத்தையும் விடாமல் இருந்துவிட்டார்கள். நான் இரண்டாமவரின் வழி. கல்யாண வீட்டுக்கும் துட்டி வீட்டுக்கும் நாங்கள் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமல் இருந்ததில்லை. ஆனால் அவையெல்லாம் ஒரு வீட்டு நிகழ்ச்சிகள். அந்த வீட்டு முறைப்படி நடக்கும், மற்றவர்கள் விருந்தாளியாக ஒதுங்கி நின்றுகொள்வார்கள். இந்தக் கூடுகையில் விருந்தாளி என்று யாரும் இல்லை என்பதுதான் சிக்கல்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள், பீடத்தில் பொங்கலிட்டு முன்னோருக்குப் படைத்த பிறகே மற்றவை தொடங்க வேண்டும் என்கிறார்கள். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் கிறிஸ்தவக் கிளையின் மூத்தவர். அவர், "கூடுகைக்கு வருகிறேன், படையல் முன் நிற்க மாட்டேன்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். இளையவர்களோ குத்துவிளக்கு ஏற்றி, எல்லோருக்கும் பொதுவான ஒரு பிரார்த்தனையைச் சொல்லி முடித்துவிடலாம் என்கிறார்கள். இப்படிப்பட்ட குடும்பங்களில் நாளையும் நிகழ்ச்சி வரிசையையும் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பொருநைக்கரை எழுதியது:

அண்ணாச்சி, பொதுப் பிரார்த்தனையை முதலில் கைவிடுங்கள். யாருடைய மனமும் நோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதை எழுதுவார்கள். சாஸ்தாவின் பெயரும் இருக்காது, இயேசுவின் பெயரும் இருக்காது, "எல்லாம் வல்ல இறைவனே" என்று தொடங்கிப் பள்ளி ஆண்டுவிழா வரவேற்புரை போல முடியும். உங்கள் பெரியப்பாவுக்கும் அது ஜெபமாகத் தோன்றாது, பீடத்தில் நிற்பவர்களுக்கும் அது வழிபாடாகத் தோன்றாது. அவரவர் வழிபாட்டை அவரவர் இடத்தில் முழுமையாகச் செய்துவிட்டு, வழிபாடு அல்லாத நினைவுகூரலுக்கு எல்லோரும் ஒரு பந்தலில் சேருவதே எங்கள் உறவுக்குள் நிலைத்திருக்கும் வழி.

நாள் பார்ப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சாஸ்தா குடும்பம் என்றால் பங்குனி உத்திரத்தில் கூடலாம் என்ற எண்ணமே முதலில் வரும். அன்றைக்கு வெளியூரில் இருப்பவர்களும் எப்படியாவது வந்துவிடுவார்கள். ஆனால் பங்குனி உத்திரம் பௌர்ணமியையொட்டி வருவது. ஈஸ்டர் ஞாயிறும் மார்ச் 21-க்குப் பிந்தைய முழுநிலவை வைத்தே கணிக்கப்படுவது. ஆகையால் பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் அருகருகே வந்து விழும். 2024-இல் உத்திரம் மார்ச் 25 திங்கட்கிழமை, அந்த வெள்ளியே புனித வெள்ளி. கிறிஸ்தவக் கிளை தவக்கால ஒடுக்கத்தில் இருக்கும் வாரத்தில் குடும்ப விருந்துக்கு அழைத்தால் வந்தவர்களும் மனம் விட்டுச் சிரிக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை எல்லோருக்கும் வசதிதான். ஆனால் அது மார்கழி, உங்கள் பக்கத்துப் பாட்டிமார் "பீடை மாதத்தில் என்ன கூட்டம்" என்று கேட்பார்கள். தைப் பொங்கலை ஒட்டிய விடுமுறையில் இந்த இரண்டு தடையும் இல்லை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் விடுப்பு, தேரிக்காட்டில் வெயிலும் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

வரிசையைப் பொறுத்தவரை, விடியற்காலையில் பீடத்துக்குப் போகிறவர்கள் போகட்டும். அதே நேரத்தில் கிறிஸ்தவக் கிளையினர் தங்கள் தேவாலயத்தில் ஆராதனை வைத்துக்கொண்டு, அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகட்டும். ஒன்பது மணிக்குள் இரு பக்கமும் முடிந்துவிட வேண்டும். பிறகு பந்தலில் நால்வரின் பெயரையும், அவர்களுடைய மக்கள், பேரர் பெயர்களையும் கிளை வாரியாக ஒருவர் வாசிக்க, அந்தந்தக் கிளையினர் எழுந்து நின்றால் போதும். பிறந்த வரிசையில் வாசியுங்கள். கிறிஸ்தவர் முதலில், இந்துக்கள் பிறகு என்று பிரித்துவிடாதீர்கள். மூத்தவர், இரண்டாமவர், மூன்றாமவர், கடைசித் தம்பி என்று வாசிக்கும்போது இரு சமயத்துப் பெயர்களும் தாமாகவே கலந்துவிடும்.

வடலி எழுதியது:

நான் வேதக்காரக் குடும்பத்துப் பெண். என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். பொருநைக்கரை ஐயா சொன்ன வரிசையை ஒப்புக்கொள்கிறேன். சாப்பாட்டைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பிரச்சினை கிளம்பும் இடமே அதுதான்.

படைத்த சோற்றைக் கிறிஸ்தவர் உண்ணலாமா என்பது நம் ஊரில் புதிதாகப் பிறந்த கேள்வியல்ல. கொரிந்து பட்டணத்துச் சபைக்கும் இதே சங்கடம் இருந்தது. பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் நடைமுறைக்கு ஏற்ற ஒரு வழியைக் காட்டுகிறார்: விருந்துக்கு அழைக்கப்பட்டால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள், ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதீர்கள். உங்கள் பெரியப்பா இதை நன்றாக அறிந்திருப்பார். எனவே உங்கள் பக்கத்து அத்தைமார் யாராவது அன்பு மிகுதியால், "சாமிக்குப் படைத்தது, ஒரு வாயாவது சாப்பிடுங்க" என்று இலையில் வைத்துவிட்டால், அவர் எழுந்து போவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகும். பீடத்தில் படைத்ததைப் பீடத்துக்குப் போனவர்கள் அங்கேயே பகிர்ந்துகொள்ளட்டும்; திருநீறும் மஞ்சணையும் அங்கேயே பூசிக்கொள்ளட்டும். மதியச் சாப்பாடு தனி அடுப்பில், படையலுக்குச் சம்பந்தமில்லாமல் வெந்ததாக இருக்கட்டும். தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனம் என்ற பொது விருந்தில் ஊரே சாதி மதம் பாராமல் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுப் பழகிய பகுதிதானே அது. ஆனால் பங்குனி உத்திரத்துக்கு விரதம் இருப்பவர்களைப் போல அன்றைக்குச் சைவமாக இருப்பவர்களுக்கு வேறு பந்தி வேண்டும். சாஸ்தா சைவம், கிடா ஏற்பது அவருடைய பரிவாரம் என்ற பாகுபாட்டை உங்கள் பெரியவர்களே விளக்குவார்கள்.

கல்லறையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். நவம்பர் 2 அன்று கத்தோலிக்கர் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தோருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டுவார்கள். சீர்திருத்த சபை வழியில் வந்த நாங்கள் இறந்தவர்களுக்காக வேண்டுவதில்லை. அவர்களுடைய வாழ்வுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் கல்லறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, மாலை வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தாய் தகப்பனைக் கனம்பண்ணும் கட்டளை அவர்கள் இறந்த அன்றோடு காலாவதி ஆகிவிடுவதில்லை. நீங்களும் எங்களோடு வந்து ஒரு மாலை வைத்தால், எந்தப் பெரியப்பாவும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து பேச வருகிறவர், "நம் முன்னோர் அஞ்ஞான இருளில் இருந்தார்கள்" என்று சாட்சி சொல்லத் தொடங்கிவிடக் கூடாது. அந்த முன்னோர் எதிரில் உட்கார்ந்திருக்கும் இரு கிளையினருக்கும் முன்னோர்தான். அதேபோல உங்கள் பக்கத்தில், "கோதுமைக்கும் பால்பவுடருக்கும் போனவர்கள்" என்ற பழைய கேலியை யாரும் அவிழ்த்துவிடக் கூடாது. மேடையில் ஒலிவாங்கியைப் பிடிப்பவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் "இரண்டு வார்த்தை பேசுகிறேன்" என்று எழுந்து வருபவரிடம்தான் ஆபத்து.

பழைய பதிவேடு எழுதியது:

அந்தக் கேலியைப் பற்றிச் சகோதரி சொன்னதற்கு ஒன்று சேர்க்க வேண்டும். பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தது உண்மை. நிவாரணக் கஞ்சியும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கவும் வேண்டாம். ஆனால் வானம் பொய்த்த ஆண்டில் திடீரென்று தொடங்கிய கதையல்ல அது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே 1799-இல் டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியால் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவாகிவிட்டது. 1841 முதல் இடையன்குடியில் கால்டுவெல் இருந்தார். பஞ்சத்துக்கு முன்பே பள்ளிக்கூடம், பண்ணையாரின் கெடுபிடியிலிருந்து பாதுகாப்பு, சம்பந்தி வீட்டார் ஏற்கெனவே சேர்ந்திருந்தது என்று பல காரணங்கள் புழக்கத்தில் இருந்தன. உங்கள் மூத்தவரும் கடைசித் தம்பியும் எதனால் போனார்கள், நடு இருவரும் எதனால் போகவில்லை என்பதற்கு இரு பக்கத்திலும் வாய்மொழிக் கதை நிச்சயம் இருக்கும். அவை ஒத்துப்போகாது. இரண்டையும் பதிவு செய்யுங்கள், எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முயலாதீர்கள்.

பெயர்ப் பட்டியலுக்கு முதலில் பார்க்கவேண்டியது சேகரத்தின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தின், ஞானஸ்நானப் பதிவேடு. பெயர், பெற்றோர் பெயர், ஊர், தேதி ஆகியவை அதில் இருக்கும். பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்களுடைய பழைய பெயரும் சில பதிவேடுகளில் கிடைக்கும். அந்தப் பழைய பெயர்தான் உங்களுக்குப் பாலம், ஏனென்றால் நடு இருவருடைய வழியில் சொல்லப்படும் பெயர் அதுவாகத்தான் இருக்கும். சேகர குருவுக்கு முறையாகக் கடிதம் கொடுத்து, அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏடுகள் பொடியும் நிலையில் இருக்கலாம், புரட்டிப் புரட்டிப் படம் எடுக்க வேண்டாம். உங்கள் பக்கத்துக்கு அப்படிப்பட்ட பதிவேடு கிடையாது. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத் தலைவர் வாரியாக வசூலித்த தலைக்கட்டு வரி நோட்டும், பனங்காட்டையும் விளையையும் வாங்கி விற்ற கிரயப் பத்திரங்களும்தான் உண்டு. பத்திரத்தில் தகப்பனார் பெயர் கட்டாயம் இருக்கும். பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்று அகப்பட்டால் அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே இடத்தில் வந்துவிடுவார்கள்.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வரி நோட்டில் பெண்கள் இருக்க மாட்டார்கள், ஆண் தலைக்கட்டு மட்டும்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு இடம்தான். ஆகவே ஒரு கிளையில் அத்தைமார் பெயர் தாராளமாகக் கிடைக்கும், மற்றக் கிளையில் வெறும் ஆண் வரிசையாக நிற்கும். அதை அப்படியே பந்தலில் வாசித்தால் பிறந்த வீட்டுப் பெண்கள் உடனே கண்டுகொள்வார்கள். இப்போதே வயதான ஆச்சிமாரிடம் உட்கார்ந்து கேட்டு நிரப்புங்கள்.

தேரிக்காட்டான் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாள் பற்றிய விளக்கத்தை இரு பக்கமும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். பெண்கள் பெயரைப் பற்றிப் படித்ததும் இன்னொரு கேள்வி எழுகிறது. எங்கள் பூர்வீக வீட்டில் கன்னி வழிபாடு உண்டு. நால்வருக்கும் தங்கையாகப் பிறந்து, வயதுக்கு வருமுன் காய்ச்சலில் இறந்துபோன பெண் என்று சொல்வார்கள். பனையோலைப் பெட்டி ஒன்றில் சிவப்புப் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன் ஆகியவற்றை வைத்திருப்போம். ஆண்டுக்கு ஒருமுறை புதிது வைத்து, பழையதை வீட்டுப் பெண் குழந்தை ஒருத்திக்கு உடுத்துவோம். அவளுடைய பெயர் எங்களுக்குத் தெரியாது, "கன்னி" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவள் இறந்தது அண்ணன்மார் பிரிவதற்கு முன்பு. அந்தப் பெட்டியைப் பந்தலில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம் என்று தம்பி ஒருவன் சொல்கிறான். சரியாக இருக்குமா?

பொருநைக்கரை எழுதியது:

வைக்காதீர்கள் அண்ணாச்சி. உங்கள் வீட்டுக்கு அது சாமி; பந்தலில் மேசை மேல் வைத்தால் கண்காட்சிப் பொருளாகிவிடும், கைகூப்புவதா வேண்டாமா என்று கிறிஸ்தவக் கிளையினர் தடுமாறுவார்கள். பெட்டி அதன் அறையிலேயே இருக்கட்டும். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக்கு வரட்டும். பெயர் வாசிக்கும்போது மட்டும் நால்வருக்கு அடுத்து "இவர்களுடைய தங்கை" என்று அவளையும் சொல்லுங்கள். அதில் வழிபாடு இல்லை, உறவு இருக்கிறது.

வடலி எழுதியது:

எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. மூத்தவருடைய வழியில் யாராவது ஒரு கிழவிக்கு அவளுடைய பெயர் தெரிந்திருக்கவும் கூடும். எங்கள் வீடுகளில் இறந்துபோன அத்தை பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் வேதத்தில் சேர்ந்த பிறகும் மறையவில்லை. அதைக் கேட்பதற்காகவேனும் உங்கள் பெரியப்பாவை இப்போதே நேரில் போய்ப் பாருங்கள். நிகழ்ச்சி வரிசையை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு அவருடைய கருத்தைக் கேட்டால் அது அறிவிப்பாகிவிடும். படையலுக்கு நீங்கள் வர வேண்டியதில்லை, பந்தலில் முதல் பெயரை நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று இரண்டாமவர் வழியில் வந்த நீங்களே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது வேறு.