தூக்கத்தில் ஆச்சி ஆடிய பல்லாங்குழி

மீனா: சுதாக்கா, நேற்று ராத்திரி கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் அம்மா விரலை அசைத்து, "வெறுங்குழி, தொடைச்சு எடு" என்று முனகினாள்.

கவின்: சாயங்காலம் நான்தான் ஆச்சியோடு ரெண்டு மணி நேரம் பல்லாங்குழி ஆடினேன். ஆனால் சாப்பிடும்போது கேட்டால், "நான் எங்கடா ஆடினேன்?" என்றாள். அப்புறம் எப்படி அத்தை?

சுதா: வகுப்பில் நான் பாடம் நடத்தும் விஷயம் இது, கவின். 2000-இல் ஹார்வர்டில் தூக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் 27 பேரை டெட்ரிஸ் ஆட வைத்தார்கள்; மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்கும் கணினி விளையாட்டு அது. அந்த 27 பேரில் ஐந்து பேருக்கு மூளையில் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதமாகி, புதிதாக எதுவும் நினைவில் நிற்காது. ஆடியதையே மறந்துவிட்டார்கள். ஆனாலும் அவர்களில் மூன்று பேர், தூக்கம் வரும் நேரத்தில் கட்டங்கள் விழுந்து திரும்புவதைக் கண்டதாகச் சொன்னார்கள். எங்கிருந்து வந்த கட்டங்கள் என்று மட்டும் தெரியவில்லை.

முருகேசன்: அப்படியானால் அம்மாவுக்கு ஞாபகம் திரும்பி வருகிறதா சுதா?

சுதா: அப்படிச் சொல்ல முடியாது அண்ணே. அவர்கள் பிரச்சினை வேறு, அம்மாவின் மறதி வேறு. ஆனால் "இன்று ஆடினேன்" என்ற நினைவு ஓரிடம், ஆட்டத்தின் உருவமும் கைப்பழக்கமும் வேறிடம். முதலாவது போனாலும் இரண்டாவது தங்கலாம். அம்மா ஐந்து வயதிலிருந்து காய் எண்ணிய கை அது.

கவின்: தூக்கத்தில் மூளை அதைத் திரும்ப ஓட்டுமா?

சுதா: எலிகளில் பார்த்திருக்கிறார்கள். 1994-இல் வில்சன், மெக்நாட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலியின் ஹிப்போகாம்பஸில் நுண்கம்பிகள் வைத்துக் கவனித்தார்கள். ஓடும்போது எந்த நரம்பணுக்கள் சேர்ந்து துடித்தனவோ, அவையே பிறகு ஆழ்ந்த தூக்கத்திலும் சேர்ந்து துடித்தன. பகலில் அவசரமாகப் பிடித்துவைத்ததை, ஹிப்போகாம்பஸ் இப்படித் திரும்பத் திரும்பச் சொல்லி மூளையின் மேற்புறணியில் பதிய வைக்கிறது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். கனவு அந்த வேலையே தானா, அதன் நிழல் மட்டுமா என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. நீ பரீட்சைக்கு முந்தைய ராத்திரி விடிய விடிய முழிக்காதே, சரியா?

கவின்: சரி அத்தை.

மீனா: அம்மா எழுந்துவிட்டாள். பலகையைப் பார்த்து, "இதை யார் இங்கே வைத்தது?" என்று கேட்கிறாள்.

கவின்: உள்ளே எடுத்து வைத்துவிடாதீங்க மீனா அத்தை. சோழியையும் பக்கத்தில் வையுங்கள், பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்.