தலவாக்கலையில் இருந்து ஓட பழைய லீஃப் கரண்ட் கார் எடுக்கலாமா? பெட்டரி 12 கோடு காட்டுது, ஆனா மனசு ஒப்பல

தலவாக்கலை டீச்சர்:
அண்ணன்மாரே, அக்காமாரே, ரெண்டு கிழமையா யோசிச்சு யோசிச்சு முடிவுக்கு வர முடியல. வீடு தலவாக்கலை, பாடசாலை நுவரெலியாவில. போக ஏறக்குறைய 30 கிலோமீற்றர், வர 30. மாசத்துக்கு ரெண்டு தரம் கண்டியில தங்கச்சி வீட்டில இருக்கிற அம்மாவைப் பார்க்கப் போவேன், பூண்டுலோயா, புசல்லாவை, கம்பளை வழியா.

இப்ப இருக்கிறது பழைய பெற்றோல் கார். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் கோட்டைக் கையில வச்சுக்கிட்டு பெற்றோல் செட்டில ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்த ஆள் நான். அன்னைக்கே கரண்ட் காருக்கு மாறணும்னு முடிவு பண்ணினேன்.

கண்டிப் பக்கம் ஒருத்தர் 2013 நிசான் லீஃப் ஒன்று விற்கிறார், 24 யூனிட் பெட்டரி. பெட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு டேஷ்போர்டில காட்டுற கோடு 12ம் அப்படியே இருக்கு. "புதுசு மாதிரி டீச்சர், ஒரு சார்ஜில 150 கிலோமீற்றர் ஓடும்" என்கிறார். மலையில அது சரி வருமா? வீட்டுப் பிளக்கிலேயே சார்ஜ் போடலாமா?

நானுஓயா வேன்:
ரதெல்ல ஏத்தத்தில சார்ஜ் முடிஞ்சு நின்னா, கொழுந்து எடுக்கிற அக்காமார்தான் வந்து தள்ளணும். டீசல் வேன் ஒன்று பாருங்க டீச்சர்.

மேல்கொத்மலைக்காரன்:
வேன் அண்ணே, நீங்க தள்ளுவீங்கன்னுதானே நாங்க எல்லாம் நம்பிக்கிட்டு இருக்கோம்.

டீச்சர், நான் ஆறு வருசமா லீஃப் ஓட்டுறேன். 150 என்கிறதை மறந்துடுங்க, அது கொழும்புக் கணக்கு. நம்ம ஊர்ல கிலோமீற்றரோட உயரத்தையும் சேர்த்துப் பார்க்கணும். தலவாக்கலை கடல் மட்டத்தில இருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர், நுவரெலியா 1,868. ஆளோட சேர்த்து 1,700 கிலோ வண்டியை அந்த 670 மீற்றர் தூக்கவே மூணு யூனிட் போகுது. 30 கிலோமீற்றர் ஓட இன்னொரு நாலு. ஆக ஏறப் போறது ஏழு. இறங்கும்போது மோட்டரே டைனமோ ஆகி கொஞ்சம் திரும்பத் தரும், தூக்கினது முழுக்க வராது. ரெண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது பத்து யூனிட் வச்சுக்கங்க. பாதி தேஞ்ச பெட்டரிக்குக் கூட தினசரி ஓட்டம் சரி வரும்.

கண்டிதான் சிக்கல். போகும்போது பெரும்பாலும் இறக்கம், காசு செலவில்லாத மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது 70 கிலோமீற்றர் மட்டில், ஏத்தமும் சேர்த்தா 12 யூனிட்டுக்கு மேல. தங்கச்சி வீட்டில சார்ஜ் போட முடியுமா?

இன்னொன்று, கண்டிக்கு இறங்குற அன்னைக்கு சார்ஜ் 100 வீதம் வரை ஏத்தாதீங்க. நிறைஞ்ச பெட்டரிக்குத் திரும்ப வாங்க இடமில்ல. அப்ப சாதாரண பிரேக்தான் வேலை செய்யணும், பூண்டுலோயா இறக்கத்தில அது சூடேறும்.

கம்பளை பாஸ்:
எல்லாரும் ஒரு விசயத்தை விட்டுட்டீங்க. 2013 கார், 12 கோடும் இருக்கா? எனக்கு அங்கதான் இடிக்குது.

லீஃப் பெட்டரிக்குத் தண்ணி கூலிங் கிடையாது. சூட்டில கிடந்தா சீக்கிரம் தேயும். முதல் கோடு போறதுக்கே ஏறக்குறைய 15 வீதம் குறையணும், அதுக்குப் பிறகு கோடு ஒன்றுக்கு 6 வீதம் மட்டில். இவ்வளவு வயசான கார் 12 காட்டினா, ஒன்று பெட்டரி மாத்தியிருக்கணும், பில் கேளுங்க. இல்லன்னா கம்ப்யூட்டரைப் போட்டு பெட்டரிக் கணக்கை அழிச்சிருக்கணும். அழிச்சா கோடு எல்லாம் திரும்ப வரும், கொஞ்ச காலம் ஓடினதும் ஒன்றொன்றா விழும். அதுக்குள்ள வித்தவர் கைமாத்திட்டுப் போயிடுவார்.

என்கிட்ட புளூடூத் ஓபிடி இருக்கு, கார்ல செருகினா உள்விவரத்தை போனுக்கு அனுப்புற சின்னக் கருவி, வந்து எடுத்துட்டுப் போங்க. போன்ல லீஃப்ஸ்பை என்கிற ஆப்பைப் போட்டுக்கங்க. அதில வர்ற ஆரோக்கிய வீதத்தை நம்பாதீங்க, அதையும் அழிக்கலாம். திரையில 96 கம்பி மாதிரி நிக்கிறது பெட்டரிக்குள்ள இருக்கிற செல் ஜோடிகள். தட்டையான ரோட்டில எல்லாம் ஒரே உயரம் இருக்கும். ஏத்தத்தில மிதிக்கும்போது எது குனியுதுன்னு பாருங்க. கம்பளையில முழு சார்ஜோட கிளம்பி புசல்லாவை வரை போங்க. நல்ல பெட்டரின்னா கால்வாசி கூடக் குறையக் கூடாது.

தலவாக்கலை டீச்சர்:
நன்றி பாஸ். தங்கச்சி வீட்டில 15 அம்பியர் பொயின்ட் இருக்கு, நாலு மணித்தியாலம் எப்படியும் நிப்பேன். நம்ம வீட்டு பிளக் பற்றி யாரும் சொல்லலையே? பழைய வயரிங், தண்ணி சூடாக்கியும் அதே லைன்லதான்.

மேல்கொத்மலைக்காரன்:
அது மட்டும் வேணாம் டீச்சர். நான் முதல்ல அப்படித்தான் போட்டேன். ஒரு ராத்திரி மீன் கருகுற மாதிரி நாத்தம். எழும்பிப் பார்த்தா பிளக் முகம் பழுப்பாகி, ஒரு பின்னைச் சுத்தி பிளாஸ்டிக் உருகி வழிஞ்சு நிக்குது. ஹீட்டர் பத்து நிமிசம் ஓடும், கார் எட்டு மணித்தியாலம் 13 அம்பியர் இழுக்கும்.

மெயின் போர்டில இருந்து தனி வயர், தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச், நல்ல ஏர்த் கம்பி. நம்ம பக்கம் இடி மின்னலுக்கு ஏர்த் இல்லாம எதுவும் செய்யாதீங்க. முதல் வாரம் மணித்தியாலத்துக்கு ஒருதரம் பிளக்கைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாம சுட்டா நிப்பாட்டணும். கரண்ட் தர்றவங்ககிட்ட நேரத்துக்கேத்த கட்டணம் கேட்டு எடுத்தா, ராத்திரி 10.30ல இருந்து காலை 5.30 வரை யூனிட் மலிவு.

நானுஓயா வேன்:
நான் சொன்னது விளையாட்டுக்கு. ஆனா பாஸ் சொன்ன டெஸ்ட்டைச் செய்யாம காசு குடுக்காதீங்க டீச்சர்.

தலவாக்கலை டீச்சர்:
நேத்து போய் வந்தேன். வித்தவரும் பக்கத்து சீட்டில. கம்பளையில சார்ஜ் 100, கோடு 12, ஆரோக்கியம் 96 வீதம். அவர் முகத்தில சிரிப்பு. ஊர் எல்லை தாண்டி ஏத்தம் தொடங்கினதும் நம்பர் மளமளன்னு இறங்குது. புசல்லாவை பஸ் ஸ்டாண்டுக்கிட்ட நிப்பாட்டும்போது 59. மிதிக்கும்போது ஒரு செல் ஜோடி மட்டும் மத்ததைவிட 140 மில்லிவொல்ட் கீழ குனியுது, கால் எடுத்தா எழும்புது. போனை அவர்கிட்ட காட்டினேன். "மழைக்குளிர் டீச்சர், அதுதான்" என்றார். வெளிய நல்ல வெயில்.

கம்பளை பாஸ்:
41 போச்சா? அப்ப உண்மையில அது எட்டுக் கோடு கூட இல்ல. விட்டுடுங்க.

தலவாக்கலை டீச்சர்:
விட்டாச்சு. பண்டாரவளையில ஒன்று இருக்கு, ஒரே ஆள் பாவிச்சது, 9 கோடு. "மூணு கோடு போயிடுச்சு தங்கச்சி, அதுக்கேத்த விலைதான் கேக்குறேன்" என்று அந்த ஐயாவே முதல்ல சொன்னார். ஊரும் குளிர்.

மேல்கொத்மலைக்காரன்:
9 கோடுன்னா 15 யூனிட் மட்டில் கையில கிடைக்கும். உங்க பள்ளிக்கூட ஓட்டத்துக்குப் போதும். கண்டியில சார்ஜ் போடாம திரும்ப ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

தலவாக்கலை டீச்சர்:
சனிக்கிழமை போறேன். பாஸ், அந்த ஓபிடியை இன்னும் ஒரு கிழமை வச்சிருக்கவா?