200 கஜத்தில் .22 ரைஃபிள் குண்டு சிதறுகிறது, எந்தத் தோட்டா வாங்கலாம்?

குறிக்காரன்: 50 கஜத்தில் அருமையாக விழுகிறது. 200-இல் எங்கெங்கோ போகிறது. நல்ல தோட்டா எது? சனிக்கிழமை போட்டி, சீக்கிரம் சொல்லுங்கள்.

கொங்குத்தம்பி: என்ன ரைஃபிள்? இப்போது எதைப் போடுகிறீர்கள்? சிதறல் மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? ஊர் எது?

மணல்மேடு: முதலில் பேரலை, அதாவது துப்பாக்கிக் குழாயை, சுத்தம் செய்யுங்கள். ஈயம் படிந்திருக்கும். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

வடம்: 50-இல் ஜீரோ வைத்தால், அதாவது அங்கே குறி சரியாக விழும்படி ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) அமைத்தால், 200-இல் குண்டு சுமார் 4 அடி கீழே இறங்கும். அதை ஈடுகட்ட ஸ்கோப்பில் அவ்வளவு உயர்த்தித் திருப்ப இடம் இருக்கிறதா?

குறிக்காரன்: டெக்சாஸ். சி.இசட். 457. பெரிய பெட்டியில் மலிவாக வரும் அதிவேகத் தோட்டா, குண்டு எடை 40 கிரெய்ன். மேலும் கீழும்தான். ஸ்கோப் சரி.

பழைய_கை: தம்பி, இதை இங்கே எத்தனையோ முறை பேசியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கக்கூடாதா? விநாடிக்கு 1,250 அடியில் கிளம்பும் குண்டு 100 கஜத்துக்குள் ஒலி வேகத்துக்குக் கீழே வந்துவிடும். அங்கேதான் தடுமாறுகிறது. 1,070 அடியை ஒட்டி, ஒலி வேகத்துக்குக் கீழேயே கிளம்புவதை வாங்கு.

கொங்குத்தம்பி: அதோடு, தோட்டாவுக்குத் தோட்டா 40 அடி வேக வித்தியாசம் இருந்தால் 50-இல் பெரிதாகத் தெரியாது, 200-இல் சுமார் 4 அங்குலம் ஏறி இறங்கும். .22-இல் நாமே மருந்து நிரப்பிச் சரிசெய்யவும் வழியில்லை. எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், லாபுவா சென்டர்-எக்ஸ், ஈலி மேட்ச், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி போதும். பிராண்ட் மாற்றியதும் முதலில் சுடுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பேரலில் ஒட்டிய பழைய குண்டுகளின் மெழுகுப் பூச்சு போகவேண்டும். ஒத்துப்போகும் பெட்டியின் லாட் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) பார்த்து அதே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள். அடுத்த லாட் அதே மாதிரி சுடும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

மணல்மேடு: மெதுவான குண்டைக் காற்று இன்னும் தள்ளுமே?

பழைய_கை: தள்ளாது. வழியில் எவ்வளவு வேகம் இழக்கிறது என்பதுதான் கணக்கு. அதிவேகக் குண்டுதான் அதிகம் இழக்கிறது, அதிகம் விலகுகிறது.

மணல்மேடு: அணில் வேட்டையில் நான் பார்த்தது வேறு.

பழைய_கை: அணிலை 200 கஜத்திலா சுடுகிறீர்கள்?

வடம்: இரண்டு பேரும் தனி இழை போட்டுச் சண்டை பிடியுங்களேன்.

குறிக்காரன்: எஸ்.கே. மட்டும்தான் கிடைத்தது. மேல்-கீழ் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. நன்றி.

கொங்குத்தம்பி: நல்லது. லாட் எண் என்ன? அந்தக் கடையில் இன்னும் மிச்சம் இருக்கிறதா?