தாத்தா சதாபிஷேகமும் பேக்-12 சேதியும்

குழு: மாயவரம் குடும்பம்

ஞாயிறு, 29 ஜூன் 2025

லதா: டெக்சாஸ் பியர்லாந்து மீனாட்சி கோயிலில் பேசிவிட்டேன். அப்பாவுக்கு அடுத்த வருஷம் ஐப்பசியில் கணக்கு வருகிறது. அக்டோபர் 24, 31 இரண்டும் சனிக்கிழமை. எது என்று எல்லோரும் சொல்லுங்கள்.

மாலா அத்தை: 24

ரவி: எனக்கு எதுவானாலும் சரி. டிக்கெட் போட மூன்று மாதம் முன்னால் சொன்னால் போதும்.

சேகர்: லதா, அவசரப்படாதே. நாளை ஒரு விஷயம் தெரிந்துவிடும். யாழினி படிக்கும் டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் பேக்-12 என்ற விளையாட்டுக் கூட்டமைப்புக்குப் போகும் என்று பலமாகப் பேச்சு. இப்போது இருக்கிற சன் பெல்ட் கூட்டமைப்பை விட்டுப் போகிறோம் என்று நாளைக்குள், அதாவது ஜூன் 30க்குள் சொன்னால் 50 லட்சம் டாலர் கட்டினால் போதும். ஜூலை 1 பிறந்தால் அதுவே 1 கோடி டாலர். அதனால் நாளையைத் தாண்ட விட மாட்டார்கள். போனால் 2026 சீசனிலிருந்தே புது கான்ஃபரன்ஸ், அதாவது புது கூட்டமைப்பு. அக்டோபர் சனிக்கிழமைகளில் யார் ஆட வருகிறார்கள், யாழினி ட்ரம்பெட் ஊதும் பேண்ட் வாத்தியக் குழு எங்கே நிற்கும் என்பதெல்லாம் மாறிவிடும். பேண்ட் பெண்ணை விட்டுவிட்டு எப்படித் தேதி வைப்பது?

மாலா அத்தை: பேக் என்றால் பையா

சேகர்: இல்லை அத்தை. பசிபிக் என்பதன் சுருக்கம். மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து விளையாடிய பழைய கூட்டமைப்பு. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். 2024இல் பத்து பேர் வேறு கூட்டமைப்புகளுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். யூஎஸ்சி, யூசிஎல்ஏ, ஓரிகன், வாஷிங்டன் நாலும் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா, கொலராடோ பிக் 12க்கு. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசிக்கு. ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும்தான் பாக்கி.

மாலா அத்தை: நம்ம மாயவரம் வீடு மாதிரி

ரவி: அத்தை!

லதா: அண்ணா, தேதி.

சேகர்: வருகிறேன். அந்த இரண்டு பேரும் வீட்டை விற்கவில்லை, புதிதாக ஆள் சேர்த்தார்கள். பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஐந்தும் 2026இல் வருகின்றன. கொன்சாகாவும் வருகிறது, ஆனால் அதற்கு அமெரிக்கன் ஃபுட்பால் அணி கிடையாது. ஆக ஃபுட்பாலுக்கு ஏழு பேர். மேல்மட்டத்தில் நீடிக்க எட்டு பேர் வேண்டும் என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. அந்த எட்டாவது நாற்காலிதான் காலி. நமக்கு அவர்கள் எவ்வளவு தேவையோ, அதைவிட அவர்களுக்கு நாம் தேவை. அதனால் கூப்பிடுவார்கள் என்று நம்புகிறேன்.

ரவி: ஃப்ரெஸ்னோவா? எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். யாழினி வந்தால் இங்கேதான் தங்க வேண்டும்.

அருண்: எங்கள் சான் அன்டோனியோ யூடிஎஸ்ஏ பல்கலைக்கழகத்தைப் போன செப்டம்பரிலேயே கூப்பிட்டுப் பார்த்தார்கள். மெம்பிஸ், டுலேன், சவுத் ஃபுளோரிடாவோடு சேர்ந்து நாங்கள் இருக்கிற இடத்திலேயே இருந்துவிட்டோம்.

யாழினி: 49-10

அருண்: போன வருஷம் நீங்கள் எங்களை ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம்

யாழினி: 49-10 அருண் அண்ணா

லதா: இரண்டு பேரும் தனியாகப் பேசுங்கள்.

மாலா அத்தை: லதா, சாம்பார் பொடி இரண்டு கிலோ அரைத்துவிட்டேன். யார் வருகிறார்கள் எடுத்துப் போக?

ரவி: ஆகஸ்டில் நான் வருகிறேன் அத்தை. வடுமாங்காயும்.

லதா: யாழினி, உனக்கு இதில் இஷ்டமா? அதை யாரும் கேட்கவில்லை.

யாழினி: பேண்டில் எல்லோருக்கும் சந்தோஷம் அம்மா. போன செப்டம்பர் 12 வியாழக்கிழமை, அரிசோனா ஸ்டேட்டோடு 31-28இல் தோற்றோமே, அன்றைக்கு ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. நான் ஊதியது எனக்கே கேட்கவில்லை. புது கான்ஃபரன்ஸ் வந்தால் அப்படிக் கூட்டம் அடிக்கடி வரும் என்கிறார்கள். ஆனால் என் வகுப்பில் சாஃப்ட்பால் ஆடும் பெண் ஒருத்தி அழுதுவிட்டாள். இப்போது லூசியானாவுக்கு ஆடப் பஸ்ஸிலேயே போய்விடுகிறார்கள். இனி கிட்டத்து ஊரே கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ்தான்.

சேகர்: இப்போதும் சன் பெல்ட்டில் வர்ஜீனியா வரை போகிறார்களே. ஜேம்ஸ் மேடிசன், ஓல்ட் டொமினியன் எங்கே இருக்கின்றன?

லதா: அது எப்போதோ ஒரு தடவை அண்ணா. இது ஒவ்வொரு தடவையும் விமானம். ஃபுட்பால் பையன்கள் வாரத்துக்கு ஒரு நாள் போவார்கள். மற்ற விளையாட்டுக் குழந்தைகள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வகுப்பை விட வேண்டும். அந்தப் பெண் அழுததில் தப்பே இல்லை.

சேகர்: அதை நான் மறுக்கவில்லை. வரும் டிவி பணத்தில் முதலில் அவர்கள் படிப்புக்கும் பயணத்துக்கும் செய்ய வேண்டும். அது என் கட்சி.

ரவி: பாய்சியில் மைதானம் நீல நிறம் தெரியுமா? 1986இலிருந்து.

மாலா அத்தை: புல்லா நீலம்?

ரவி: செயற்கைப் புல் அத்தை. அப்பாவை ஒரு தடவை கூட்டிப்போக வேண்டும்.

லதா: தேதி!!

சேகர்: அட்டவணை வரட்டும். பேண்ட் தூர ஊருக்கெல்லாம் போகாது. வெளியூர் ஆட்டம் இருக்கிற சனிக்கிழமை என்றால் யாழினி முழு நாளும் நம்மோடு. பல்கலைக்கழகம் இருக்கிற சான் மார்கஸில் ஆட்டம் என்றால் காலையில் பியர்லாந்து, சாயங்காலம் ஸ்டேடியம் என்று மூன்று மணி நேரம் ஓட வேண்டும்.

லதா: அட்டவணை எப்போது வரும்?

சேகர்: அடுத்த வருஷ ஆரம்பத்தில் வரலாம்.

லதா: அண்ணா, 2006இல் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கும் இப்படித்தான். உங்கள் லீவு தெரியட்டும், லீவு தெரியட்டும் என்று இழுத்தீர்கள். மண்டபம் போய்விட்டது. மொட்டை மாடியில் பந்தல். அம்மா ரச வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினாள். கைப்பிடி உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தது, நான்தான் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

ரவி: லதா, விடு.

சேகர்: விட வேண்டாம். அது என் தப்புதான். அம்மா இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சேகர்: அப்பா உன் வீட்டில் இருக்கிறார். நீ எந்தத் தேதி வைத்தாலும் நான் வந்து வாசலில் நிற்பேன்.

லதா: அதற்காகச் சொல்லவில்லை அண்ணா. நீங்களும் சேர்ந்துதான் வைக்க வேண்டும்.

மாலா அத்தை: லதா, உன் அப்பா என்ன சொல்கிறார்

லதா: அப்பா இப்போதுதான் சாப்பிட்டு உட்கார்ந்தார். படித்துக் காட்டினேன். "குழந்தை வர முடிகிற நாளாகப் பார்" என்கிறார். அந்த அரிசோனா ஆட்டத்துக்குத் துண்டை நாலாக மடித்து அலுமினிய பெஞ்சில் போட்டு உட்கார்ந்தாரே, கடைசி நிமிஷம் வரை எழுந்திருக்கவில்லை. யாழினியின் ட்ரம்பெட் சத்தம் அவருக்குச் சின்ன வயதில் கேட்ட மாயவரத்து நாயனம் போல இருக்கிறதாம்.

யாழினி: தாத்தா கிட்டே சொல்லுங்கள், நான் எப்படியும் வருவேன்

திங்கள், 30 ஜூன் 2025

அருண்: சேர்ந்துவிட்டார்கள். எட்டாவது ஆள் டெக்சாஸ் ஸ்டேட்.

யாழினி: !!!!!!

சேகர்: 50 லட்சத்தோடு போயிற்று. வாழ்த்துகள் யாழினி. அருண், நீயும் சொல்.

அருண்: வாழ்த்துகள். நம் இரண்டு அணிகளும் மோதும் ஐ-35 ஆட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ரவி: ஃப்ரெஸ்னோவில் பாய் விரித்தாயிற்று.

லதா: கோயிலுக்கு என்ன சொல்ல?

சேகர்: இரண்டையும் பிடித்து வைக்க முடியுமா என்று கேள். முன்பணம் நான் அனுப்புகிறேன்.

லதா: கேட்கிறேன். 24ஐ முதலில் எழுதச் சொல்கிறேன்.

மாலா அத்தை: 24 என்று நான் நேற்றே சொன்னேன்

லதா: 31ஐயும் விடவில்லை அத்தை.