மலைக்காற்றைத் தாங்கும் மலிவான ரிமோட் ஹெலிகொப்டர் எது? உதவி தேவை

கொட்டகலைக்காரன்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். வெளியில் பறக்கவிடக்கூடிய, பெட்டரியில் ஓடும் ரிமோட் ஹெலிகொப்டர் ஒன்று வாங்க வேண்டும். கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. பெட்டரி, சார்ஜர், உதிரிப்பாகம் எல்லாம் இதற்குள்ளேயே முடிய வேண்டும்.

இப்போது என்னிடம் இருப்பது மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர் சுழலும் சிறிய வகை. இஸ்தோப்புக்குள் அசையாமல் நிற்கிறது. வெளியே கொண்டுவந்தால்தான் தொல்லை. வெயிலில் ரிமோட் சொல்வதைக் கேட்பதே இல்லை. வெயில் இறங்கிய பிறகு பறக்கவிட்டால் காற்று தன் போக்கில் தள்ளிக்கொண்டு போகிறது. ரிமோட் குச்சியை முழுவதும் முன்னால் தள்ளினாலும் காற்றை எதிர்த்து ஓர் அடி நகர்வதில்லை.

பறக்கவிடும் இடம் எங்கள் தோட்டத்து மைதானம். ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் செங்குத்தான பள்ளம், அதற்குக் கீழே தேயிலை. விடிகாலையில் இலைகூட அசையாது. பத்து மணி தாண்டினால் பள்ளத்திலிருந்து காற்று ஏறி வரும்.

கடையில் 4 சேனல், 6 சேனல் என்று இரண்டு வகை காட்டினார்கள். வித்தியாசத்தைக் கேட்டால் "ஆறு நல்லது" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. எதை வாங்குவது?

மஸ்கெலியா மாலை

தம்பி, உங்கள் ஹெலிகொப்டரில் கோளாறு எதுவும் இல்லை. அந்த ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்கிறது. சூரிய ஒளியிலும் அதே கதிர் நிறைய இருப்பதால் சமிக்ஞை அதற்குள் அமிழ்ந்துபோகிறது. வெளியில் பறக்க வேண்டுமென்றால் 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ ரிமோட் கட்டாயம். இரட்டை ரோட்டர் வகை தானாகச் சமநிலைக்குத் திரும்புவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. முன்னோக்கிச் சாய்ந்து வேகமெடுக்க அது இடம் தராது. காற்றை எதிர்க்க அந்தச் சாய்வுதான் தேவை.

நான் பறக்கவிடுவது டபிள்யூ.எல். டொய்ஸ் வி912. ஒற்றை ரோட்டர், 4 சேனல் (அதாவது ரிமோட்டால் தனித்தனியாக இயக்கக்கூடிய நான்கு கட்டுப்பாடுகள்), 7.4 வோல்ட் பெட்டரி. கைக்கு அடங்காத அளவு பெரியது என்பதால் தூரத்திலும் மூக்கு எது, வால் எது என்று தெரியும். பழகுவது சுலபம். விழுந்தாலும் பெரும்பாலும் பிளேடும் வால் பகுதியும்தான் உடையும், இரண்டுமே மலிவு. காலை ஏழு மணிக்குள் பறக்கவிடுங்கள்.

ஊவாக்காரன்

மஸ்கெலியா நண்பர் சொன்னதில் ரிமோட் பற்றிய பகுதி அத்தனையும் சரி. ஆனால் பள்ளத்து ஓரத்தில் நின்று பறக்கவிடும் ஒருவருக்கு 4 சேனல் வாங்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பண்டாரவளைப் பக்கத்தில் நல்ல 4 சேனல் ஹெலிகொப்டர்கள் சரிவுக்கு மேலே ஏறிக் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

4 சேனல் வகையில் ரோட்டர் பிளேடின் கோணம் நிலையானது. ஃபிக்ஸ்ட் பிட்ச் என்பார்கள். ஏற வேண்டுமென்றால் ரோட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும், இறங்க வேண்டுமென்றால் குறைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. சமவெளியில் இது போதும். மலைச்சரிவில் வெயில் ஏறியதும் சூடான காற்று சரிவைத் தொட்டபடி மேலே வரும். அந்தக் காற்றில் அகப்பட்ட ஹெலிகொப்டர் நீங்கள் கேட்காமலே உயரும். இறக்குவதற்காக வேகத்தைக் குறைக்கிறீர்கள். வேகம் குறைந்த ரோட்டருக்குப் பக்கவாட்டுக் கட்டுப்பாடும் குறையும், ஏனென்றால் அதைத் திருப்பும் வலுவும் அதே சுழற்சியிலிருந்துதான் வருகிறது. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திய லொறியின் ஸ்டியரிங் இறுகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே நிலைமை. மேலே போகிறது, திருப்பவும் முடியவில்லை. முழுவதும் நிறுத்தினால் கல்லாக விழும்.

6 சேனல் என்று கடையில் சொன்னது கலெக்டிவ் பிட்ச். இதில் ரோட்டர் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். பிளேடின் கோணம்தான் மாறும். கோணத்தைச் சுழியத்துக்கும், அதற்குக் கீழே எதிர்க்கோணத்துக்கும் கொண்டுபோகலாம். அதாவது காற்று மேலே தூக்கும்போது ரோட்டரே அதைக் கீழே தள்ளும், கட்டுப்பாடும் உங்கள் கையை விட்டுப் போகாது. தலைகீழாகப் பறந்து வித்தை காட்டுகிறவர்களுக்கு மட்டுமே இது தேவை என்று பலர் நினைக்கிறார்கள். மலையில் வசிக்கும் நமக்கு, பறக்கவிட்டதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருவதற்கே இது தேவை.

உங்கள் தொகைக்கு என் சிபாரிசு எக்ஸ்.கே. கே110. சிறியது, 6 சேனல், பிரதான மோட்டார் பிரஷ்லெஸ் (உள்ளே தேயும் கார்பன் பிரஷ் இல்லாத வகை), ஒற்றைச் செல் பெட்டரி. எடை மிகக் குறைவு என்பதால் விழும்போது சேதமும் குறைவு. கடும் காற்றுக்கு அது ஆகாது. மெல்லிய காற்றில் நன்றாகவே நிற்கும். வி950 இன்னும் பொருத்தமாக இருக்கும், மூன்று செல் பெட்டரியில் காற்றை வெட்டிக்கொண்டு போகும். ஆனால் பெட்டரி, உதிரிப்பாகத்தோடு சேர்த்தால் உங்கள் கணக்கைத் தாண்டிவிடும்.

ஒரு வேண்டுகோள். கலெக்டிவ் பிட்ச் வாங்குகிறவர் முதலில் கணினி சிமியுலேட்டரில் பழக வேண்டும். யூ.எஸ்.பி. ரிமோட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வால் உங்களைப் பார்த்தபடி ஒரே இடத்தில் நிறுத்துவது, பிறகு பக்கவாட்டில் நிறுத்துவது, கடைசியாக மூக்கு உங்களைப் பார்க்க நிறுத்துவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மூக்கு நம்மைப் பார்க்கும்போது இடது வலதாகத் தோன்றும். புதியவர்களின் ஹெலிகொப்டர்கள் அதிகம் உடைவது அந்த நேரத்தில்தான்.

நானுஓயா ஆசிரியை

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இணையத்தில் நாம் பார்க்கும் பறப்புக் காணொளிகள் பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு அருகில் எடுக்கப்பட்டவை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்புக் காற்றோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொட்டகலையில் பத்தில் ஒரு பங்கு அளவு குறையும்.

ரோட்டர் தரும் தூக்குவிசை காற்றின் அடர்த்திக்கு நேர்விகிதத்திலும் சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். ஆகவே நுவரெலியாவில் அதே எடையைத் தூக்க நிலையான பிட்ச் ரோட்டர் கிட்டத்தட்ட 10 வீதம் வேகமாகச் சுழல வேண்டும். கீழே அரைக் குச்சியில் நிற்கும் ஹெலிகொப்டர் இங்கே அதற்கும் மேலே போனால்தான் நிற்கும். மோட்டார் கூடுதலாகச் சூடாகும், பறக்கும் நேரம் சுருங்கும். கலெக்டிவ் பிட்ச் ஹெலிகொப்டரில் பிளேடின் கோணத்தைச் சற்றுக் கூட்டிச் சமாளிக்கலாம். பாடசாலையில் அடர்த்தி பற்றிய பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு இந்த உதாரணத்தைத்தான் சொல்கிறேன், கவனமாகக் கேட்கிறார்கள்.

இந்த ஹெலிகொப்டர்களில் வரும் லைப்போ (லித்தியம் பொலிமர்) பெட்டரியும் விடிகாலைக் குளிரில் சோர்ந்துவிடும். மைதானத்துக்குப் போகும் வழியில் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போங்கள். பனி ஈரப் புல்லில் ஹெலிகொப்டரை வைக்காமல் ஒரு பலகை கொண்டுபோங்கள், நீர் உள்ளே போனால் எலெக்ட்ரொனிக் பலகை வீணாகும். மூடுபனி இறங்கத் தொடங்கினால் உடனே தரையிறக்குங்கள். நம் ஊரில் மூடுபனி சொல்லிக்கொண்டு வராது.

கொட்டகலைக்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஊவா அண்ணா சொன்னதை வாசித்த பிறகுதான் என் சிறிய ஹெலிகொப்டர் ஏன் எப்போதும் கோயில் பக்கமாகவே ஏறுகிறது என்று புரிந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒருவர் பழைய 450 வகை ஹெலிகொப்டர் ஒன்றை ரிமோட்டோடு முப்பத்தைந்தாயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். பெரியது காற்றை நன்றாகத் தாங்கும் என்கிறார். அதை வாங்கலாமா? அடுத்தது, நாங்கள் இருப்பது லயத்தில். பெட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் செய்வது ஆபத்தா? அம்மா பயப்படுகிறார்.

கம்பளை மின்வேலை

தம்பி, அம்மாவின் பயம் நியாயமானது. இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன்.

லைப்போ பெட்டரி அடிபட்டாலும், அளவுக்கு மேல் சார்ஜ் ஆனாலும் தீப்பிடிக்கும். எரியத் தொடங்கினால் அணைப்பது கடினம். லயத்தில் ஒரு காம்பிராவில் தீ என்றால் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அத்தனை குடும்பங்களுக்கும் தீ. எத்தனை லயங்கள் அப்படி எரிந்திருக்கின்றன என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆகவே வீட்டுக்குள் வேண்டாம். வெளியே சீமெந்துத் தரையில், மணல் போட்ட மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சார்ஜ் செய்யுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. விழுந்து அடிபட்ட பெட்டரி, உப்பிய பெட்டரி எதையும் மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்.

ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். பறந்து முடியும்போது 3.5க்குக் கீழே இறங்கவிட வேண்டாம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பறக்க முடியாவிட்டால் 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள்; முழுச் சார்ஜில் கிடந்தால் உப்பும். ஒன்றுக்கு மேற்பட்ட செல் உள்ள பெட்டரிக்கு, செல்களைத் தனித்தனியே சமப்படுத்தும் பெலன்ஸ் சார்ஜர் அவசியம். சார்ஜ் வேகத்தை 1சி அளவில், அதாவது பெட்டரியின் கொள்ளளவு எண்ணுக்குச் சமமான அம்பியரில் வையுங்கள். 2,200 மில்லி அம்பியர்-மணி பெட்டரி என்றால் 2.2 அம்பியர்.

இனி 450. உண்மையில் அது நல்ல ரகம். அலைன் நிறுவனத்தின் ட்ரெக்ஸ் 450 அடிப்படையில் பல நிறுவனங்கள் ஒத்த அமைப்பில் செய்ததால் உதிரிப்பாகம் ஒன்றுக்கொன்று பொருந்துவதுண்டு. காற்றையும் தாங்கும். ஆனால் அதன் பிளேடு ஒவ்வொன்றும் 325 மில்லிமீற்றர். ரோட்டர் நிமிடத்துக்கு 2,500 தடவை சுழன்றால் பிளேடின் நுனி மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. சதையையும் எலும்பையும் வெட்டும். கோயிலும் பிள்ளைகளும் இருக்கும் தோட்ட மைதானத்தில் புதிதாகப் பழகுகிறவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

பிறகு ஒரு நாள் வாங்குவதானாலும் பழையதைப் பார்க்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். பிளேடைக் கழற்றிவிட்டுப் பிரதான தண்டைக் கையால் சுழற்றுங்கள். தலைப்பகுதி தள்ளாடினால் தண்டு வளைந்திருக்கிறது. பெரிய பற்சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிளேடின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டார்களான சர்வோக்களை அசைத்து, இடையில் துள்ளுகிறதா என்று கவனியுங்கள். விற்பவரைப் பறக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மஸ்கெலியா மாலை

ஊவா நண்பரின் விளக்கம் சரிதான். என் மைதானம் பள்ளத்தின் அடியில், நான்கு பக்கமும் மலை மறைத்த இடம். தம்பியின் இடம் வேறு. சரிவின் ஓரம் என்றால் 6 சேனலையே நானும் சொல்வேன்.

வாங்குவதற்கு முன் அனுமதி விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு ட்ரோன் பறக்கவிடுவது நாட்டில் தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். வானில் ஏதாவது சத்தத்தோடு சுற்றினால் மக்கள் இன்றும் பதற்றப்படுகிறார்கள். ஆளில்லா விமானங்களுக்கான விதிகளைப் பார்த்துக்கொள்வது சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை. மாடலின் எடையைக் குறிப்பிட்டு அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலைக் கையோடு வைத்திருங்கள். தோட்ட முகாமையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கொழுந்து எடுக்கும் மலைக்கு மேலே பறக்கவிடவே வேண்டாம், கீழே நம் அம்மாமாரும் அக்காமாரும் நிற்கிறார்கள். கவ்வாத்து வெட்டிய மலைக்கு மேலும் வேண்டாம். கூர்மையான குச்சிகளில் விழுந்தால் பெட்டரி குத்துப்படும்.

லக்ஷபான பக்கத்திலிருந்து வரும் உயர் அழுத்த மின்கம்பிகள் நம் மலைகளைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. கம்பியில் மாட்டியதை எடுக்க எந்தக் காரணத்துக்காகவும் தடியைத் தூக்காதீர்கள். ஹெலிகொப்டர் போனால் போகட்டும், மின்விநியோக அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

கொட்டகலைக்காரன்

முடிவெடுத்துவிட்டேன். முதலில் அதிகார சபைக்கு எழுதுகிறேன். பதில் வந்ததும் கே110, யூ.எஸ்.பி. ரிமோட், இரண்டு மேலதிக பெட்டரி, இரண்டு சோடி பிளேடு. மீதியை உதிரிப்பாகத்துக்கு ஒதுக்குகிறேன். 450ஐ விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மண்சட்டியை அம்மாவே எடுத்து வைத்துவிட்டார்.

ஊவா அண்ணா, முதல் தடவை பறக்கவிடும்போது ரிமோட்டில் எந்த விசையைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

ஊவாக்காரன்

த்ரொட்டில் ஹோல்ட், தம்பி. மோட்டாரை உடனே நிறுத்தும் விசை அது. தரையிலோ புதரிலோ மோதப்போகிறது என்று தெரிந்த கணத்தில் குச்சியோடு போராடாமல் அதைத் தட்டுங்கள். பிளேடு சிக்கிய நிலையில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் பற்சக்கரமும் மோட்டாரும் ஒரே நேரத்தில் போகும். சிமியுலேட்டரில் பழகும்போதே விரல் தானாக அங்கே போகும்வரை பழகுங்கள்.

தானாகச் சமநிலைக்கு வரும் 6ஜி முறையில் தொடங்குங்கள். ரோட்டர் வேகத்தை நிலையாகப் பிடிக்கும் ஐடில் அப் விசையை, ஹெலிகொப்டர் தரையில் இருக்கும்போது போடாதீர்கள்; குச்சி கீழே இருந்தால் எதிர்க்கோணத்தில் சுழன்று தரையிலேயே புரளும். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்காமல், காற்று உங்கள் முகத்தில் படும்படி, மைதானத்தின் உட்பக்கத்தில் நின்று பறக்கவிடுங்கள். கண்மட்ட உயரம் போதும்.