கம்பைல் ஆன செயற்கூற்றிடம் அதன் அளபுருக்களைக் கேட்க முடியுமா? (எஸ்பிசிஎல்)

மண்டிக்கணக்கு எழுதியது:

வணக்கம். ஈரோட்டில் என் மாமாவின் மஞ்சள் மண்டிக்குக் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் ஒரு கணக்கு நிரல் எழுதி மூன்று ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். செயற்கூறுகளுக்கெல்லாம் (ஃபங்ஷன்களுக்கு) தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன்: தரகு, எடைக்கூலி, சாக்குக்கழிவு, கொள்முதல். எங்கள் கணக்குப்பிள்ளை நாற்பது ஆண்டு பேரேடு எழுதியவர். இந்தப் பெயர்களைப் பார்த்த பிறகு சூத்திரங்களை அவரே திருத்தத் தொடங்கிவிட்டார். அவருக்காகத்தான் கேட்கிறேன்.

(உதவி 'தரகு) என்று அவர் தட்டினால், தரகு என்னென்ன அளபுருக்களை (உள்ளே கொடுக்க வேண்டிய மதிப்புகளை) எந்த வரிசையில் வாங்குகிறது என்று திரையில் வர வேண்டும். முதலில் சி-லிஸ்ப் என்ற காமன் லிஸ்ப் செயலாக்கத்தில் இருந்தேன். அங்கே (ஃபங்ஷன்-லாம்டா-எக்ஸ்பிரஷன் #'தரகு) என்றதும் லாம்டா, அளபுருக்கள், உடல் எல்லாம் நான் எழுதியபடியே வந்தன. அதில் இரண்டாவது உறுப்பை எடுத்துக் காட்டினேன், அவ்வளவுதான் வேலை. மாசி பங்குனியில் வரத்து கூடியபோது வேகம் போதாமல் எஸ்பிசிஎல் என்ற இன்னொரு செயலாக்கத்துக்கு மாறினேன். கோப்புகளை கம்பைல் செய்து (இயந்திரக் குறிமுறையாக்கி) ஏற்றியதும் அதே கேள்விக்கு நில் (ஒன்றுமில்லை) என்று பதில் வருகிறது. செயற்கூறு ஒழுங்காக ஓடுகிறது, கணக்கும் சரியாக வருகிறது. தன்னைப் பற்றி மட்டும் எதையும் சொல்ல மறுக்கிறது.

இன்னொன்று. பிழை தேடுவதற்காக 'காட்டு' என்று ஒரு மேக்ரோ (ஓடுவதற்கு முன்பே வேறு நிரலாக விரியும் துண்டு) வைத்திருக்கிறேன். கொடுத்த பெயர் மாறியாக இருந்தால் அதன் மதிப்பை அச்சிடும். இல்லாவிட்டால் அப்படி ஒரு மாறி இல்லை என்று சொல்லும். இதற்கு, பெயருக்கு மதிப்பு உண்டா என்று சொல்லும் பௌண்ட்-பி பயன்படுத்தினேன். லெட்டுக்குள் கட்டிய உள்ளூர் மாறிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே இல்லை என்கிறது. இந்த இரண்டுக்கும் வழி உண்டா?

அடைப்புக்குறி எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை, எஸ்பிசிஎல்லும் செய்யவில்லை. ஃபங்ஷன்-லாம்டா-எக்ஸ்பிரஷன் மூன்று மதிப்புகள் தரும். முதலாவது மூலநிரல். இரண்டாவது, அது வெளிச்சூழல் எதையாவது பிடித்து வைத்திருக்கக்கூடுமா என்ற குறிப்பு. மூன்றாவது பெயர். காமன் லிஸ்ப்புக்கு 1994இல் வந்த ஆன்சி தரம், எந்தச் செயற்கூற்றைக் கேட்டாலும் முதலாவதற்கு நில், இரண்டாவதற்கு உண்மை, மூன்றாவதற்கு நில் என்று ஒரு லிஸ்ப் பதில் சொன்னால் அதுவும் முறையானதே என்று எழுதி வைத்திருக்கிறது. சி-லிஸ்ப்பில் நீங்கள் டிஃபன் (செயற்கூற்றை வரையறுக்கும் கட்டளை) எழுதியபோது அது கம்பைல் ஆகவில்லை. பட்டியலாகவே நினைவகத்தில் இருந்தது, கேட்டதும் அந்தப் பட்டியலை எடுத்து நீட்டியது. எஸ்பிசிஎல்லில் கோப்பை கம்பைல் செய்து ஏற்றும்போது உங்களிடம் வந்து சேர்வது இயந்திரக் குறிமுறை. மஞ்சளை அரைத்துத் தூளாக்கிய பிறகு, கிழங்கு எந்த வடிவில் இருந்தது என்று தூளிடம் கேட்க முடியாது.

ஆனால் உங்களுக்கு வேண்டியது மூலநிரல் இல்லை, அளபுருப் பட்டியல் மட்டுமே. அதைத் தரம் தனியாகக் கேட்க வழி வைக்கவில்லை. ஒவ்வொரு லிஸ்ப்பும் தன் வழியில் தருகிறது. எஸ்பிசிஎல்லில் (ரிக்வயர் :எஸ்பி-இன்ட்ரோஸ்பெக்ட்) என்று ஏற்றிக்கொண்டு,

(எஸ்பி-இன்ட்ரோஸ்பெக்ட்:ஃபங்ஷன்-லாம்டா-லிஸ்ட் #'தரகு)

என்று கேளுங்கள். விருப்ப அளபுருவுக்கு நீங்கள் கொடுத்த இயல்பு மதிப்பு உட்பட வந்துவிடும். ஈமாக்ஸ் தொகுப்பியில் ஸ்லைம் என்ற லிஸ்ப் நீட்சி வைத்து எழுதுகிறவர்களுக்கு, அடைப்பைத் திறந்தவுடன் கீழே அளபுருக்கள் தெரிகின்றனவே, அதுவும் இதையே கேட்டு வாங்குகிறது. சி-லிஸ்ப்பில் இதே வேலைக்கு எக்ஸ்ட்:ஆர்க்லிஸ்ட், சிசிஎல் என்ற இன்னொரு செயலாக்கத்தில் சிசிஎல்:ஆர்க்லிஸ்ட். நாளைக்கு வேறு லிஸ்ப்புக்கு மாறும் எண்ணம் இருந்தால், இந்த வேறுபாடுகளை எல்லாம் மூடி ஒரே பெயரில் தருகிற ட்ரிவியல்-ஆர்குமென்ட்ஸ் என்ற சிறு நூலகம் போதும்.

கணக்குப்பிள்ளைக்கு நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் செய்வேன். அவர் சூத்திரத்தைத் திருத்துகிறவர் என்றால், ஒரு நாள் அளபுருக்களோடு நிற்காமல் சூத்திரம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பார். கம்பைலர் மறந்துவிடும் என்று தெரிந்த பிறகு, அதன் நினைவை நம்பி இருக்கக் கூடாது. வரையறுக்கும் நேரத்திலேயே ஒரு படியை நாமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்:

(டெஃப்மேக்ரோ வரையறு (பெயர் அளபுருக்கள் &பாடி உடல்)
  `(ப்ராக்ன்
     (செட்ஃப் (கெட் ',பெயர் 'மூலம்) '(,அளபுருக்கள் ,@உடல்))
     (டிஃபன் ,பெயர் ,அளபுருக்கள் ,@உடல்)))

இனி டிஃபன் எழுதும் இடங்களில் வரையறு என்று எழுதுங்கள். (கெட் 'தரகு 'மூலம்) என்றால் எல்லாம் வரும், கம்பைல் ஆகியிருந்தாலும் வரும். மேல்மட்டத்தில் ப்ராக்னுக்குள் இருக்கும் டிஃபன் மேல்மட்ட டிஃபனாகவே எடுத்துக்கொள்ளப்படும், ஆகவே கோப்பை கம்பைல் செய்வதில் சிக்கல் வராது. ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன்: யாராவது அவசரத்தில் வெறும் டிஃபன் போட்டு மாற்றிவிட்டால், பழைய மூலம் அப்படியே தங்கி, ஓடாத ஒரு சூத்திரத்தைக் காட்டும். பணக் கணக்கில் இது பெரிய ஆபத்து. சூத்திரக் கோப்பில் டிஃபன் என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பௌண்ட்-பி விஷயம் வேறு. அது ஒரு குறியீட்டின் உலகளாவிய அல்லது சிறப்பு மாறி மதிப்பை மட்டும் பார்க்கும். லெட்டில் கட்டிய சொல்லெல்லை மாறி ஓட்டத்தின்போது குறியீடாகவே இருப்பதில்லை; கம்பைலர் அதை ஒரு பதிவகமாகவோ அடுக்கில் ஓர் இடமாகவோ மாற்றிவிட்டது. அது இருக்கிறதா என்று தெரிந்தவர் கம்பைலர் ஒருவரே. அவரிடம் கேட்கக்கூடிய நேரமும் மேக்ரோ விரிகிற அந்த நொடி மட்டுமே. மேக்ரோவின் அளபுருக்களில் &என்விரான்மென்ட் சூழல் என்று சேர்த்து, (ரிக்வயர் :எஸ்பி-சிஎல்டிஎல்2) செய்தபின்,

(எஸ்பி-சிஎல்டிஎல்2:வேரியபிள்-இன்ஃபர்மேஷன் பெயர் சூழல்)

என்று கேட்டால் முதல் மதிப்பாக :லெக்சிகல், :ஸ்பெஷல், :சிம்பல்-மேக்ரோ, :கான்ஸ்டன்ட் போன்றவற்றில் ஒன்று வரும். தெரியாத பெயர் என்றால் நில். செயற்கூறுகளுக்கு இதே போல ஃபங்ஷன்-இன்ஃபர்மேஷன் இருக்கிறது. மூன்று மதிப்புகளில் இரண்டாவது, அது ஃப்ளெட்டிலோ லேபிள்ஸிலோ உள்ளூரில் கட்டியதா என்று சொல்லும். அந்தச் சூழல் பொருளை எங்கேயாவது சேமித்து வைத்துப் பிறகு கேட்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மேக்ரோ விரிந்து முடிந்ததும் அதன் ஆயுளும் முடிகிறது. தரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

இந்தப் பொட்டலத்தின் பெயரைப் பார்த்து வியந்திருப்பீர்கள். கை ஸ்டீல் 1990இல் 'காமன் லிஸ்ப் த லாங்வேஜ்' நூலின் இரண்டாம் பதிப்பை (சுருக்கமாக சிஎல்டிஎல்2) வெளியிட்டபோது இந்தச் சூழல் கேள்விகள் அதில் இருந்தன. தரக் குழு இறுதி வரைவில் அவற்றை எடுத்துவிட்டது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அது ஓர் இழப்பாகவே தெரிகிறது. கம்பைலருக்குத் தெரிந்ததை நிரலருக்குச் சொல்லும் ஒரே நேர்மையான வாசல் அது. எஸ்பிசிஎல் அதைத் திறந்து வைத்திருப்பதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மண்டிக்கணக்கு எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. ஃபங்ஷன்-லாம்டா-லிஸ்ட் உடனே வேலை செய்தது. தரகு கேட்டதற்கு (தொகை &ஆப்ஷனல் (விழுக்காடு 2)) என்று திரையில் வந்ததும் கணக்குப்பிள்ளை தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். காட்டு மேக்ரோவும் சரியாகிவிட்டது.

ஆனால் ஒரே ஒரு செயற்கூறு இரண்டு நாளாக என்னை அலைக்கழிக்கிறது. பழைய சூத்திரக் கோப்பிலிருந்து பெயர்களை ரீட்-லைன் மூலம் வரி வரியாக எடுத்து, ஃபைண்ட்-சிம்பல் போட்டுக் குறியீட்டைத் தேடி, அதற்குச் செயற்கூறு உண்டா என்று எஃப்பௌண்ட்-பி கேட்கிறேன். தரகு, எடைக்கூலி, சாக்குக்கழிவு எல்லாம் இருக்கிறது என்கிறது. கொள்முதல் மட்டும் இல்லை என்கிறது. முனையத்தில் நானே (எஃப்பௌண்ட்-பி 'கொள்முதல்) என்று தட்டினால் இருக்கிறது! கோப்பில் எழுத்துப்பிழை இல்லை, பத்து முறை பார்த்துவிட்டேன்.

வடகரை எழுதியது:

அந்தச் சரத்தின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள்: (லெங்த் வரி). 9 வர வேண்டும். 10 வந்தால் காரணம் எனக்குத் தெரியும்.

மண்டிக்கணக்கு எழுதியது:

10 வருகிறது! கடைசியில் இடைவெளி ஏதும் இல்லை, வெட்டிப் பார்த்துவிட்டேன்.

வடகரை எழுதியது:

இடைவெளி இல்லை, கொகரம்தான். யுனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறியை இடலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், ஆனால் குறியெண்கள் வேறு. உங்கள் பழைய கோப்பு யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்து மாற்றப்பட்டதா? அந்த எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசைகள். சில மாற்றிகள் அவற்றைச் சேர்க்காமல் அப்படியே விட்டுவிடும். தரகிலும் எடைக்கூலியிலும் சாக்குக்கழிவிலும் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இல்லை. அதனால்தான் அவை தப்பித்தன.

முனையத்தில் ஏன் சரியாக வந்தது என்பது எஸ்பிசிஎல்லின் ஒரு நல்ல குணம். அதன் படிப்பான் குறியீட்டைப் படிக்கும்போது என்எஃப்கேசி என்ற யுனிகோடுச் சேர்ப்பு வடிவுக்குச் சீராக்கிவிடுகிறது, ஆகவே எப்படித் தட்டினாலும் ஒரே குறியீடு கிடைக்கும். ஃபைண்ட்-சிம்பலும் இன்டர்னும் (தேடி, இல்லாவிட்டால் புதுக் குறியீடு உருவாக்குவது) படிப்பான் வழியாகப் போவதில்லை. கொடுத்த சரத்தை உள்ளபடியே தேடும். எனவே நீங்களே சீராக்கிக் கொடுங்கள்:

(ஃபைண்ட்-சிம்பல் (எஸ்பி-யுனிகோட்:நார்மலைஸ்-ஸ்ட்ரிங் வரி :என்எஃப்கேசி))

இரண்டாவது அளபுருவை விட்டுவிடாதீர்கள். விட்டால் என்எஃப்டி என்று எடுத்துக்கொண்டு, சேர்ந்திருப்பதையும் பிரித்துவிடும். இன்டர்ன் செய்யும் இடம் இருந்தால் அங்கே இன்னும் கவனம் தேவை: பிழை எதுவும் வராது, ஒரே தோற்றத்தில் இரண்டாவது 'கொள்முதல்' ஒன்று சத்தமில்லாமல் பிறந்துவிடும்.

தமிழில் நிரல் எழுதுகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கண்ணை நம்பாதீர்கள், நீளத்தைக் கேளுங்கள்.

அடைப்புக்குறி எழுதியது:

வடகரை சொன்னது எனக்கே புதிய செய்தி, குறித்து வைத்துக்கொண்டேன். தம்பி, எஃப்பௌண்ட்-பி பற்றி ஒரு வார்த்தை: மேக்ரோவுக்கும் இஃப் போன்ற சிறப்புச் செயலிகளுக்கும்கூட அது ஆம் என்றே சொல்லும். உதவி எழுதும்போது முதலில் ஸ்பெஷல்-ஆபரேட்டர்-பி, அடுத்து மேக்ரோ-ஃபங்ஷன், இரண்டும் இல்லை என்றால்தான் செயற்கூறு என்ற வரிசையில் கேளுங்கள். சூத்திரத்தைத் திருத்துவதற்கு முன் (எஸ்பி-இன்ட்ரோஸ்பெக்ட்:ஹூ-கால்ஸ் 'எடைக்கூலி) என்று கேட்டால், அதை அழைக்கிறவர்கள் யார் என்றும் சொல்லும். இன்டர்லிஸ்ப் என்ற பழைய லிஸ்ப்பின் காலத்திலேயே மாஸ்டர்ஸ்கோப் என்ற கருவியிடம், இதை யார் அழைக்கிறார்கள் என்று ஏறக்குறைய பேச்சு வழக்கு வாக்கியத்திலேயே கேட்க முடிந்தது. கணக்குப்பிள்ளைக்கு அப்படி ஒன்றைத் தமிழில் செய்து கொடுங்கள். நான் உதவத் தயார்.

மண்டிக்கணக்கு எழுதியது:

சீராக்கியதும் கொள்முதல் கிடைத்துவிட்டது. வடகரை கேட்டது சரிதான், அந்தக் கோப்பு பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றியது. இன்டர்ன் செய்யும் இடமும் ஒன்று இருந்தது. தேடிப் பார்த்தேன், பொட்டலத்துக்குள் இரட்டைக் கொள்முதல் உண்மையிலேயே உட்கார்ந்திருந்தது. அன்இன்டர்ன் செய்துவிட்டேன்.

வேறு ஒருவருக்கு உதவும் என்பதால் இதையும் எழுதுகிறேன். சீட்டின் அடியில் எந்தக் கணினி, எந்த லிஸ்ப் பதிப்பு என்று அச்சிட விரும்பி மெஷின்-இன்ஸ்டன்ஸ், லிஸ்ப்-இம்ப்ளிமென்டேஷன்-வெர்ஷன் இரண்டின் பதிலையும் டெஃப்பாராமீட்டரில் வைத்தேன். சேவ்-லிஸ்ப்-அண்ட்-டை மூலம் கோர் (ஓடும் லிஸ்ப்பின் முழுப் படிமம்) எடுத்துக் கிடங்குக் கணினியில் ஓட்டினால், அங்கும் என் வீட்டுக் கணினியின் பெயரே வந்தது. மதிப்பு கோர் எடுத்த இடத்தில் உறைந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு சீட்டுக்கும் அந்தச் செயற்கூறுகளை நேராக அழைக்கிறேன். தரப்படி இவை நில் தரவும் கூடும், எனவே அதற்கும் ஒரு கோடு அச்சிட வைத்தேன்.

ஹூ-கால்ஸ் எடைக்கூலிக்கு மூன்று பெயர்கள் தந்தது. மூன்றாவது, நான் மறந்தே போன ஒரு பழைய அறிக்கை. அதில் அளபுருக்களின் வரிசை மாறிக் கிடக்கிறது. நாளை காலை ஏலம் தொடங்குவதற்குள் திருத்திவிட்டு வருகிறேன்.